இராக்காலத்தில் பயப்படுகிற பிள்ளைக்கு யார் துணை?



இந்த இதழுக்கு எழுப்புதலைக் குறித்து எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சில மாதங்களாக ஒரு சின்னப் பையனுடைய கேள்வி என்னைத் தூங்கவிடாமல் பண்ணுகிறது. அதை எழுதி முடிக்காமல் வேறொன்றை எழுத மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை.

2025 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் எழும்புகிற நேரம். ஒரு சகோதரி தன் எட்டு வயது மகனைக் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "ஐயா, புள்ள ராத்திரி தனியா படுக்கவே மாட்டேங்கிறான். லைட்டை அணைச்சா அழுவுறான். பாயை இழுத்துக்கிட்டு எங்ககிட்டயே வந்துடுறான். பயத்தின் ஆவி புடிச்சிருக்குது, கை வச்சு ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். நானும் ஒரு கேள்வி கூட கேட்கவில்லை, பிரியமானவர்களே. தலையில் கையை வைத்தேன். சத்தத்தை உயர்த்தி, பயத்தின் ஆவியே வெளியே போ என்று அதிகாரத்தோடு கட்டளையிட்டேன். சபையார் எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். பையன் நடுங்கினான். பார்த்தீர்களா, ஆவி அசைகிறது என்று ஒருவர் சொன்னார். நானும் அப்படியே நினைத்தேன்.

அடுத்த வாரம் அந்தச் சகோதரி தனியாக வந்தார்கள். முன்னே விளக்கைப் போட்டுவிட்டாலாவது தூங்குவான், இப்போது அதுவும் இல்லை என்றார்கள். "அம்மா, அது என் வயித்துக்குள்ள இருக்குதா? பாஸ்டர் ஐயா போன்னு சொன்னாரே, போயிடுச்சா? போனது எங்க போச்சு, நம்ம வூட்லதான் இருக்குதா?" என்று ராத்திரி முழுக்கக் கேட்கிறானாம்.

முதலில் அவன் இருட்டுக்குத்தான் பயந்தான். இருட்டு வெளியே இருக்கிற காரியம். நான் ஜெபம் பண்ணிய பிறகு அவன் தன்னைக் கண்டே பயப்பட ஆரம்பித்துவிட்டான். விளக்கைப் போட்டால் இருட்டு போய்விடும். தன் வயிற்றுக்குள் ஒன்று இருக்கிறது என்று நம்புகிற பிள்ளைக்கு எந்த விளக்கைப் போடுவது? வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா வாங்கினேன், பிரசங்கக் கலை படித்தேன், இந்தக் கேள்விக்கு என் கையில் பதில் இல்லை.

இதை ஆராய்ந்து பார்க்கும்போது எனக்கு முன்னால் நின்ற கேள்வி இதுதான்: இராத்திரியில் ஒரு பிள்ளை துணை கேட்பது அவிசுவாசமா?

அவிசுவாசம்தான் என்று நம்மில் அநேகர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உடனே 2 தீமோத்தேயு 1:7-ஐ எடுத்துக் காட்டுவோம். அதே நிருபத்தில் சற்று மேலே, நாலாம் வசனத்தை வாசித்துப் பாருங்கள். பவுல் தீமோத்தேயுவின் கண்ணீரை நினைவுகூருகிறார், அவனைப் பார்க்க வாஞ்சையாயிருக்கிறார். வளர்ந்த ஊழியக்காரனுக்கு, சுவிசேஷத்தினிமித்தம் பாடுபட வெட்கப்படாதே என்று சொல்லி எழுதின வார்த்தை அது. அதை எடுத்து எட்டு வயதுப் பையனின் பாய்மேல் அடிப்பதற்கு நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

உன்னதப்பாட்டு 3-ஆம் அதிகாரம் 7, 8 வசனங்களைப் பாருங்கள். சாலொமோன் ராஜாவின் படுக்கையைச் சுற்றி அறுபது வீரர்கள் பட்டயத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எதற்காக? இராத்திரி பயத்தினிமித்தம் என்றே காரணம் எழுதியிருக்கிறது. உலகத்தில் ஞானத்தில் சிறந்த ராஜாவுக்கு அறுபது ஆள் காவல். நம் பிள்ளை கேட்பது ஒரே ஒரு அம்மாவை! (இதைச் சபையில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.)

எல்லாவற்றுக்கும் மேலாகக் கெத்செமனே இருக்கிறது. மத்தேயு 26-இல், அந்த இராத்திரியில் நம் ஆண்டவர் பேதுருவையும் செபெதேயுவின் குமாரர் இருவரையும் கூட்டிக்கொண்டு போய், தம்மோடுகூட விழித்திருக்கும்படி கேட்டார். பிதா தம்மோடு இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் மனிதத் துணையைத் தேடினார். ஒரு தரம் அல்ல, திரும்பத் திரும்ப எழுந்து வந்து பார்த்தார். அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாவமில்லாத தேவகுமாரன் இருட்டில் துணை கேட்டார் என்றால், துணை கேட்பதைப் பாவம் என்று சொல்ல என் நாவு இனி எழும்பாது. அந்தக் காட்சியில் குறைவு இருந்தது துணை கேட்டவரிடத்தில் அல்ல, தூங்கிவிட்டவர்களிடத்தில்.

புயலில் படவிலே அவர் சீஷர்களைக் கடிந்துகொண்டாரே என்று கேட்பீர்கள். மாற்கிலும் லூக்காவிலும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் காற்றை அமர்த்தினார், கடல் அமைதியானது, அதற்குப் பிறகுதான் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டார். மத்தேயுவில் கேள்வி முன்னால் வருகிறது, அதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். ஆனால் எந்தச் சுவிசேஷத்திலும் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர்களைப் புயலிலேயே விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து இன்னொன்று. பிள்ளை தனியாகத்தான் படுக்கவேண்டும் என்கிற சட்டம் எங்கிருந்து வந்தது? நம்ம குயிலாப்பாளையத்தில் என் சிறுவயதில் வீடு என்றால் ஒரே அறை, மேலே கீற்று. அப்பா, அம்மா, ஆயா, பிள்ளைகள் எல்லாரும் வரிசையாகப் பாயில். வெயில் காலத்தில் வாசலில் கட்டிலைப் போட்டால் அதில் மூன்று பேர். தனியாகப் படுக்கப் பயமா என்கிற கேள்வியே எழும்பினதில்லை, தனி என்று ஒன்று இருந்தால்தானே! பிறகு தொகுப்பு வீடு வந்தது, கான்கிரீட் வந்தது, உள்ளறை வந்தது. 1968-இல் ஆரோவில் தொடங்கினதிலிருந்து நம் ஜனங்கள் அங்கே வேலைக்குப் போய் வருகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வீட்டில் பிள்ளைக்குத் தனி அறை, தனிக் கட்டில். அதைப் பார்த்து, அதுதான் நாகரிகம், நம்மிடம் இருப்பது பழக்கக்கேடு என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் லூக்கா 11:7-இல் ஆண்டவர் சொன்ன உவமையைப் பாருங்கள். நடுராத்திரியில் சிநேகிதன் கதவைத் தட்டுகிறான். உள்ளே இருக்கிறவன் சொல்லுகிற சாக்கு என்ன? கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் என்னோடு படுத்திருக்கிறார்கள் என்பதுதான். கலிலேயாவிலும் நம் ஊரைப் போலத்தான் படுத்திருக்கிறார்கள். அதற்காக ஆண்டவர் அந்த மனுஷனை ஒரு வார்த்தை கூட சொல்லவில்லை.

ஆகையால் சேர்ந்து படுப்பதா, தனித்துப் படுப்பதா என்பது இரட்சிப்புக்கடுத்த காரியம் அல்ல, குடும்பத்தின் வசதி. வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், தாய் இரவு வேலைக்குப் போகலாம், அடுத்த வருஷம் ஹாஸ்டலில் சேர்க்கவேண்டியிருக்கலாம். அப்போது பிள்ளை தனியாகப் படுக்கப் பழகத்தான் வேண்டும். அதற்கு வழி வேறே. அடித்தோ, கதவைச் சாத்தியோ, எல்லார் முன்னிலும் வெட்கப்படுத்தியோ அல்ல.

எனக்குத் தெரிந்த ஒரு வழி சொல்லுகிறேன். 1924-இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். மூன்று வயது நிறையாத ஒரு பையன், முயலைக் கண்டால் அலறுவான். அந்த அம்மையார் அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் தின்றுகொண்டிருக்கும்போது கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்தார்கள். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கிட்டே. கடைசியில் முயல் அவன் விரலைக் கடித்து விளையாடும் அளவுக்கு வந்துவிட்டது. இருட்டுக்கும் இதுதான் முறை. முதல் சில நாள் தகப்பனோ தாயோ பாயின் பக்கத்திலேயே உட்காரட்டும். பிறகு ஒரு முழம் தள்ளி. பிறகு வாசற்படியில். பிறகு வெளியே, ஆனால் சத்தம் கேட்கிற தூரத்தில். அவசரப்பட்டால் திரும்ப முதலிலிருந்து.

இதில் நம்மவர்கள் செய்கிற பெரிய தப்பு ஒன்று உண்டு. "அம்மா இங்கதான் இருப்பேன், தூங்குடா கண்ணு" என்று சொல்லிவிட்டு, பிள்ளை கண்ணயர்ந்ததும் பூனை மாதிரி நழுவிவிடுவது. அன்பினால்தான் செய்கிறோம். ஆனாலும் அது பொய்! நடுராத்திரியில் விழித்துப் பார்க்கிற பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? தூங்கினால் அம்மா போய்விடுவார்கள், ஆகவே தூங்கக்கூடாது. "அம்மா இப்போ அடுப்படிக்குப் போறேன், பாத்திரம் கழுவிட்டு வந்து உன்னைப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடியே வாருங்கள், அவன் தூங்கியிருந்தாலும் வாருங்கள். பெத்தேலில் கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்த யாக்கோபுக்கு, உன்னைவிட்டுப் போகமாட்டேன் என்று தேவன் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கு என்னவென்று ஒரு பிள்ளைக்கு முதன்முதலில் புரிவது ஞாயிறு பள்ளியில் அல்ல, பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பி வருகிற அம்மாவிடத்தில்தான்.

இப்போது கடினமான கேள்விக்கு வருகிறேன். பேய் எல்லாம் கிடையாதுடா என்று உலகத்தார் பிள்ளைக்குச் சொல்லிவிடலாம். நாம் எப்படிச் சொல்வது? பிசாசு உண்டு என்று வேதம் சொல்லுகிறது, நாமும் பிரசங்கிக்கிறோம். எங்கள் முழு இரவு ஜெபத்தில் பிள்ளைகளும் பாயில் சுருண்டு படுத்திருக்கிறார்கள். தூங்குகிறார்கள் என்று நினைத்து, ஆவி பிடித்தவள் எப்படிக் கத்தினாள், முடியை எப்படி விரித்தாள் என்று சாட்சி சொல்லுகிறோம். பாதிப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போதாததற்கு செல்போனில் வருகிற வீடியோக்கள், சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி, பனைமரத்தில் முனி. நான் ஒருநாள் நம்முடைய ஒரு கூட்டத்தை நினைத்துப் பார்த்துக் கணக்குப் போட்டேன். பிசாசு செய்த காரியங்களைச் சொல்ல எடுத்த நேரம் அதிகம், ஆண்டவர் செய்த காரியத்தைச் சொன்னது கடைசி ரெண்டு நிமிஷம். பிள்ளை மனதில் எவர் பெரியவராய்த் தெரிவார்?

நான் பிள்ளைகளிடம் பொய் சொல்லமாட்டேன். கேட்டால் இப்படிச் சொல்லுவேன்: கெட்டவன் ஒருத்தன் உண்டு, அவன் தோற்றுப்போனவன். உன் அறையில் அசைகிறது கொடியில் காய்கிற சட்டை. வா, சேர்ந்தே போய்த் தொட்டுப் பார்ப்போம். இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறவன் பிள்ளைக்கு முழு சத்தியத்தைச் சொன்னவன் அல்ல.

இன்னொரு காரியமும் நம் ஜனங்கள் அறியவேண்டும். சில பிள்ளைகள் தூங்கின ஒன்று இரண்டு மணி நேரத்தில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து அலறுவார்கள். கண் திறந்திருக்கும், பெற்ற தாயையே அடையாளம் தெரியாது, வேர்த்துக் கொட்டும். பார்க்கிறவர்களுக்கு பிசாசு பிடித்தது போலவே இருக்கும். காலையில் கேட்டால் பிள்ளைக்கு ஒன்றுமே ஞாபகம் இராது. இது ஆழ்ந்த தூக்கத்தில் வருகிற ஒரு நிலை, பெரும்பாலும் வயது ஏற ஏறத் தானே நின்றுவிடும். உலுக்கி எழுப்பாமல், விழுந்து அடிபடாதபடி பார்த்துக்கொண்டு, அடங்கும்வரை பக்கத்தில் இருந்தால் போதும். கெட்ட கனவு இதற்கு வேறே. அது விடியற்காலத்தில் அதிகம் வரும், பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும், கட்டிப்பிடித்துக்கொள்வான். கைகால் வெட்டி இழுத்தாலோ, அடிக்கடி வந்தாலோ, ஜெபத்தோடுகூட ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோங்கள், புதுச்சேரி ஜிப்மர் நமக்குத் தூரம் இல்லை. மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்கிறவர்களுக்கு நான் சொல்லுவது, லூக்கா வைத்தியன்.

நன்றாய்த் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று படுக்கப் பயந்தால், குறிப்பிட்ட ஒரு ஆளையோ ஒரு வீட்டையோ கண்டு ஒதுங்கினால், தயவுசெய்து உடனே ஜெப வரிசையில் நிறுத்தாதீர்கள். மெதுவாக விசாரியுங்கள். கெட்ட ஆவி அல்ல, கெட்ட மனுஷன் காரணமாயிருக்கலாம். உறவுக்காரனாயிருந்தாலும், விசுவாசியாயிருந்தாலும் மூடி மறைக்கக்கூடாது. அதற்கென்று 2012-இல் போக்சோ சட்டம் வந்திருக்கிறது, 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் பிள்ளைகளுக்கு உதவி கிடைக்கும்.

விசாரிப்பது என்று சொன்னேன். அதைத்தான் நான் செய்யவில்லை. மாற்கு 9-இல் அசுத்த ஆவி பிடித்த பையனைக் கொண்டுவந்தபோது, அவன் தரையில் புரண்டுகொண்டிருக்கையிலேயே நம் ஆண்டவர் தகப்பனைப் பார்த்து, இது எத்தனை காலமாய் இருக்கிறது என்று கேட்டார். எல்லாம் அறிந்தவர் கேட்டார்! ஒன்றும் அறியாத நான் கேட்காமல் கட்டளையிட்டேன்.

அந்தச் சகோதரி வந்துபோன அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பையன் என்னைக் கண்டதும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டான். பிரியமானவர்களே, ஒரு ஊழியக்காரனைக் கண்டு பிள்ளை ஒளிவது எவ்வளவு வேதனை! நான் ஜெபம் பண்ண வரவில்லை, டீ குடிக்க வந்தேன் என்றேன். தரையில் உட்கார்ந்தேன். வெகு நேரம் கோழிக்குஞ்சைப் பற்றிப் பேசினோம். பிறகுதான் கேட்டேன், தம்பி, எப்போதிலிருந்து பயமா இருக்குது?

"புயல் அன்னைக்கு" என்றான்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது, கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் நம் தலைக்குமேலேயே நின்றது. மயிலத்தில் அரை மீட்டர் அளவுக்கு மழை பெய்ததை எல்லாரும் அறிவீர்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் முந்திரித் தோப்புகளைச் சாய்த்ததைக் கண்ட பெரியவர்களுக்கே அன்று கை நடுங்கியது. கரண்ட் இல்லை. இவர்கள் வீட்டில் முன்பக்கம் கான்கிரீட், பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு போட்ட அறை. பையன் அதில் தூங்கிக்கொண்டிருந்தான். தாயும் தகப்பனும் மாட்டை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோகப் போயிருந்தார்கள், கால் மணி நேரம்தான். அந்த நேரம் பார்த்து வேப்பங்கிளை முறிந்து சீட்டின்மேல் விழுந்தது. சீட்டு உடைந்து தண்ணீர் அவன்மேல் கொட்டியது.

"அம்மா அம்மான்னு கூப்புட்டேன். நெறைய தடவை. யாரும் வரல" என்றான்.

தாய்க்கு இது தெரியவே தெரியாது. அவர்கள் திரும்பி வந்தபோது பையன் கட்டிலுக்கு அடியில் இருந்தான். புத்திசாலிப் பிள்ளை, ஒளிந்துகொண்டான் என்று பெருமையாகத் தூக்கிக்கொண்டு போனார்களாம். கூப்பிட்டான் என்பதை அவனும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அவன் பயந்தது பேய்க்கு அல்ல, இருட்டுக்கும் அல்ல. கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதற்குத்தான்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்துபோன பிறகு, நம் கடற்கரைக் குப்பங்களிலும் அலைச்சத்தம் கேட்டால் படுக்காத பிள்ளைகள் இருந்தார்கள். அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் தமிழ்நாட்டில் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள், துக்கப்பட்டவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு. கேட்பதற்கும் பயிற்சி வேண்டுமா என்று அன்று நினைத்தேன். வேண்டும்.

அந்தத் தாய் அழுதுவிட்டார்கள். "காத்து சத்தத்துல எனக்குக் கேக்கலடா. கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேன். அம்மா மேல தப்புடா" என்றார்கள். நானும் சொன்னேன். தம்பி, உனக்குள்ள எந்த ஆவியும் இல்ல, அன்னைக்கும் இல்ல. ஐயா கேக்காம சொல்லிட்டேன், அது தப்பு. அவன் என்னை வெகு நேரம் பார்த்தான். "நெஜமாவா?" என்றான். நிஜமாகத்தான் என்றேன்.

ஆனால் நான் அவனைச் சபையார் முன்னால் அல்லவா பிசாசு பிடித்தவனாக்கினேன்? ஞாயிறு பள்ளியில் இரண்டு பிள்ளைகள் அவன் பக்கத்தில் உட்காரமாட்டோம் என்றார்கள். ஆகவே சபையார் முன்னாலேயே திருத்தவேண்டும் என்று தீர்மானித்தேன். மூத்த விசுவாசி ஒருவர், அன்பாகத்தான், தடுத்தார். "பாஸ்டர், வீட்டுல சொல்லியாச்சு, போதும். பீடத்துல இருந்து தப்புன்னு சொன்னா நாளைக்கு உங்க ஜெபத்தை யார் நம்புவா? ஊழியத்தின் அதிகாரம் போயிடும்." இரண்டு நாள் அதை நினைத்து ஜெபித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் அதிகாரம் ஒரு பிள்ளையின் பெயரைக் கெடுத்துத்தான் நிற்கவேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சொன்னேன். அவன் பெயரைச் சொல்லாமல், என் பெயரைச் சொல்லி. சிலருக்குப் பிடிக்கவில்லை. ஒரு குடும்பம் மூன்று வாரம் வரவில்லை, பிறகு வந்தார்கள்.

அந்த வாரம் 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். தேவனுடைய குரலைக் கேட்கும் பாக்கியத்தைப் பற்றி அதில் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். இந்த முறை ஏலியைப் பார்த்தேன். தாயைவிட்டு வந்த சின்னப் பையன் ராத்திரியில் ஒரு சத்தம் கேட்டு ஓடிவருகிறான். விளக்கு இன்னும் அணையவில்லை. கண் மங்கிப்போன கிழவனை எழுப்புகிறான். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. ஏலி தன் சொந்தக் குமாரரை வளர்ப்பதில் தவறினவன்தான். ஆனாலும் அந்த ராத்திரி அவன் எரிந்து விழவில்லை. இரண்டாம் முறை மகனே என்று கூப்பிட்டுத் திருப்பி அனுப்புகிறான். ஏலி முதல் தரமே பிரம்பை எடுத்திருந்தால் சாமுவேல் மூன்றாம் தரம் ஓடி வந்திருப்பானா?

அந்த வீட்டில் சீட்டை மாற்றிவிட்டார்கள். பையன் இப்போது உள்ளறையில் படுக்கிறான், கதவு திறந்திருக்கும். முதல் மாதம் தகப்பன் வாசற்படியில் படுத்தார், முதுகு வலிக்குது பாஸ்டர் என்று என்னிடம் குறைபட்டார், ஆனாலும் படுத்தார். பிறகு அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு பண்ணிக்கொண்டார்கள். ராத்திரியில் விழிப்பு வந்தால் அவன் ஒரே ஒரு தரம் "அம்மா" என்பான். அவர்கள் எழுந்து வரவேண்டியதில்லை, இருந்த இடத்திலிருந்தே "இருக்கேன்டா" என்று சொன்னால் போதும். ஆரம்பத்தில் ராத்திரி ஏழெட்டுத் தரம் கூப்பிட்டானாம். நான் கடைசியாகக் கேட்டபோது ஒன்றோ இரண்டோ என்றார்கள். இடி இடித்தால் மட்டும் தலையணையைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து படுத்துக்கொள்கிறான். அவர்களும் நகர்ந்து இடம் விடுகிறார்கள்.